காலமானவரின் பினாங்குப் பயணம்

ரஹ்மத்துல்லா இறந்துபோன செய்தி அவருக்கே பம்பாய் மாட்டுங்காவில்தான் தெரியவந்தது.

"உட்காரும் ஓய்," என்றார் டிராவல் ஏஜென்ட் வானமாமலை. ஸ்டேஷனுக்கு எதிரே, காபிக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய ஆபீஸ். "மனசைத் திடப்படுத்திண்டு கேளும். நீர் போய்ச் சேர்ந்துட்டீராம்."

"எங்க? பினாங்குக்கா?"

"அதுக்கும் மேலே."

ரஹ்மத்துல்லா தன் கையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். சூடாகத்தான் இருந்தது.

"பாஸ்போர்ட்டுக்கு மனு போட்டா போலீஸ் விசாரணை உண்டோன்னோ? ஹவல்தார் தாராவிக்கு வந்து உம்ம விலாசத்திலே விசாரிச்சிருக்கார். அப்படி ஒருத்தர் இங்கே கிடையவே கிடையாதுன்னு வாசல்லே நின்ன ஸ்திரீ சொன்னாளாம். வீட்டைக் காலி பண்ணிண்டு போயிட்டார்னு பக்கத்து வீட்டம்மா சொல்லியிருக்கா. உம்ம பட்டறையிலே போய்க் கேட்டா, மொதலாளி தவறி ரெண்டு வருஷமாச்சுன்னு ஒருத்தன் கண்ணைத் துடைச்சிண்டே சொன்னானாம்."

"பட்டறையிலயா?"

"ஹவல்தாருக்கே மனசு தாங்கலையாம். ஆறுதல் சொல்லிட்டு வந்திருக்கார்."

ரஹ்மத்துல்லாவுக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தங்கை மர்யமை மலேசியாவில், பினாங்கில் கட்டிக்கொடுத்து இருபது வருஷம் ஆகிறது. அவள் மகளுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். 'மாமன் வந்து நிற்காத கல்யாணம் ஒரு கல்யாணமா?' என்று மர்யம் எழுதியிருந்தாள். கேட்கிறவர்களிடமெல்லாம் ரஹ்மத்துல்லா இந்தக் காரணத்தைத்தான் சொல்லி வந்தார்.

உண்மையான காரணம் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருந்தது. அதன் பெயர் காசிராஜன்.

காசிராஜன் அண்ணாச்சி 1980-ல் ஒரு மாதம் சிங்கப்பூர் போய் வந்தவர். போகும்போது மஞ்சள் பையோடு போனார். வரும்போது மடக்குக் குடையோடும் கறுப்புக் கண்ணாடியோடும் வாசனைப் பவுடரோடும் வந்தார். அதற்குப் பிறகு தெருவில் எந்த விவாதத்திலும் கடைசி வார்த்தை அவருடையதுதான். தண்ணீர்க் குழாய்ச் சண்டையாகட்டும், கிரிக்கெட்டாகட்டும், தோற்கிற நேரம் வந்தால் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்பார்: "பாய், நீரு கடலத் தாண்டிப் பாத்திருக்கீரா?"

ஆறு வருஷமாக இந்தக் கேள்விக்கு ரஹ்மத்துல்லாவிடம் பதில் இல்லை. இந்த வருஷம்தான் அதற்கு வழி பிறந்திருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் இறந்துபோனால் எப்படி?

"மறுபடி மனு போடுவோம். மறுபடி விசாரணைக்கு வருவா," என்றார் வானமாமலை. "இந்தத் தடவையாவது உயிரோட இரும். அப்புறம் ஓய், அதென்ன மூட்டை?"

"ஸ்வெட்டர். தாதர்ல நேபாளிகிட்ட வாங்குனேன். சிங்கப்பூர், மலேசியா எல்லாம் பல்லு தந்தியடிக்கிற குளிருன்னு அண்ணாச்சி சொன்னாரு."

"மலேசியாவிலே ஸ்வெட்டரா? அங்கே வருஷம் முழுக்க வேர்த்துக் கொட்டும் ஓய்! ஆவி பறக்கும்!"

ரஹ்மத்துல்லா மூட்டையோடு படியிறங்கினார். போகிற வழியில் கடையில் நின்று இதைக் கேட்டபோது அண்ணாச்சி அசரவில்லை.

"ஐயரு ரோட்டச் சொல்லுதாரு பாய். அங்க யாரு ரோட்டுல நடக்கா? கடை, பஸ்ஸு, ஓட்டலு எல்லாம் ஏசி. நான் ஒரு மாசமும் போர்வைய விட்டு வெளிய வரல."

நியாயமாகத்தான் பட்டது. ஸ்வெட்டர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

வீட்டில் முதல் விசாரணை மனைவி ஆபிதாவிடம் நடந்தது.

"வாசல்ல நின்னு, அப்படி ஒருத்தர் இல்லன்னு சொன்னது யாரு?"

"நான்தான்," என்றாள் ஆபிதா, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கட்டுன புருசன இல்லன்னு சொன்னியா?"

"காக்கிச் சட்ட போட்டவன் வாசல்ல நின்னுக்கிட்டு 'ரஹ்மத்துல்லா கௌன் ஹை', யாரு ரஹ்மத்துல்லாங்கான். இந்தா உள்ள இருக்காக, இழுத்துட்டுப் போன்னு சொல்லணுமாக்கும்? நல்லா இருக்கே நியாயம்!"

பக்கத்து வீட்டில் இட்லிக்கடை வைத்திருக்கும் பேராச்சி தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே வாக்குமூலம் கொடுத்தாள். "நான்தான் பாய், காலி பண்ணிட்டுப் போயிட்டாவன்னு சொன்னேன். அவன் ஆபிதா சொன்னத நம்பாத மாதிரி நின்னான். நம்ம வீட்டு ஆள விட்டுக்குடுக்க முடியுமா?"

பட்டறையில் தோல் வெட்டும் செல்லப்பாண்டி மட்டும் கொஞ்சம் தலைகுனிந்து நின்றான். "எல்லாரும் ஒண்ணொண்ணு சொல்லுதாவ, அவன் திரும்பத் திரும்ப வாறான். செத்தவன யாரு மொதலாளி தேடுவா? அதான் ஒரேயடியா முடிச்சு வுட்டேன்."

"அழுதியாமே?"

"உங்கள நெனச்சேன், தன்னால வந்துட்டு."

இதற்கு மேல் ரஹ்மத்துல்லாவால் யாரையும் ஏச முடியவில்லை. அந்தத் தெருவுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. காக்கிச் சட்டை உள்ளே வந்து எந்தப் பெயரைச் சொன்னாலும், அந்தப் பெயரில் அங்கே ஆளே கிடையாது. சாதியோ மதமோ, வாய்க்கால் தகராறோ, பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பமோ, அந்த நேரத்தில் எதுவும் குறுக்கே வராது. குடிசையை இடிக்க வந்தவர்களையும், ஆளைப் பிடிக்க வந்தவர்களையும் அந்தச் சட்டத்தை வைத்துத்தான் தெரு திருப்பி அனுப்பியிருந்தது. அவரே போலீஸிடம் வாய்ப்பேச்சிலேயே எத்தனை பேரை ஊருக்கு அனுப்பியிருக்கிறார், எத்தனை பேரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்! உள்ளுக்குள் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்படிக் கட்டுப்பாடான தெரு பம்பாயில் வேறெங்கே இருக்கிறது? ஆனால் அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு பினாங்குக்குப் போக முடியாது.

வழி கேட்க அண்ணாச்சியிடம்தான் போக வேண்டியிருந்தது. அதுதான் அவருக்குக் கசந்தது.

"இதெல்லாம் ஒரு விசயமா?" என்றார் காசிராஜன். "நான் சிங்கப்பூர் போறப்ப எனக்கும் விசாரணை வந்துதுல்லா? இந்தா, இந்தப் பெஞ்சுலதான் ஹவல்தார் இருந்தாரு. கலர் சோடா உடைச்சுக் குடுத்தேன். குடிச்சிட்டு, சல்யூட் அடிச்சிட்டுப் போனாரு. நீரு என்ன செய்யும், யாரு வந்து கேட்டாலும் 'ஆமா, இங்கதான் இருக்காரு, பெரிய மனுசன்'னு சொல்லச் சொல்லும். அம்புட்டுத்தான்."

ரஹ்மத்துல்லா வீடு வீடாகப் போய்ச் சொன்னார். யார் கேட்டாலும் நான் இருக்கிறேன். பெரிய மனுஷன். நல்ல தொழில். மறைக்க வேண்டாம்.

அடுத்த புதன்கிழமை அவர் தோல் வாங்கப் போயிருந்தபோது, ஃபைலும் கையுமாக ஒருவர் வந்தார். ரஹ்மத்துல்லா யார் என்று கேட்டு முடிப்பதற்குள் தெருவே அவரைச் சூழ்ந்துகொண்டது. ஆபிதா சர்பத் கொடுத்தாள். பேராச்சி, பாயைப் போல ஒரு மனுஷனைப் பார்க்க முடியாது என்றாள். செல்லப்பாண்டி போன தடவை செய்த தப்புக்கு வட்டியும் முதலுமாக ஈடுகட்டினான்.

"சாதாரண பட்டறையா சாப் இது? எட்டு மெஷின் ராப்பகலா ஓடுது. ஃபேன் நிக்கவே நிக்காது. வாங்க, உள்ள வந்து எண்ணிப் பாருங்க!"

வந்தவர் உள்ளே போய் எண்ணிப் பார்த்தார். அவர் மின்சார ஆபீஸிலிருந்து வந்தவர். பட்டறைக்கு அனுமதி இரண்டு மெஷினுக்குத்தான்.

ரஹ்மத்துல்லா திரும்பி வந்தபோது பட்டறையில் விளக்கெரியவில்லை. ஃபியூஸைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"நல்ல மனுசன் மொதலாளி," என்றான் செல்லப்பாண்டி. "எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரு."

அபராதத்தைக் கட்டி, கையெழுத்துப் போட்டு, மறுபடி வெளிச்சம் வருவதற்குள் ஒரு பை ஆர்டர் கைநழுவிப் போயிற்று. வாயைத் திறந்தாலும் ஆபத்து, மூடினாலும் ஆபத்து என்றால் தெரு என்னதான் செய்யும்? வருகிறவர் யார் என்று பார்த்துத் தரம் பிரிக்க ஓர் ஆள் வேண்டும். அனுபவப்பட்ட ஆளாக இருக்க வேண்டும்.

"அண்ணாச்சி, நீங்கதான் முன்ன பின்ன பாத்தவுக," என்று ரஹ்மத்துல்லா கடைவாசலில் நின்றார். "முனையிலதான் கடை இருக்கு. வாறவன நிப்பாட்டி, பாஸ்போர்ட் ஹவல்தாரா இருந்தா மட்டும் உள்ள விடுங்க. உங்களுக்குத்தான் ஆளப் பாத்தா தெரியும்."

காசிராஜன் தராசில் இருந்த துவரம்பருப்பை ரொம்ப நேரம் பார்த்தார். "கடை யாவாரம் இருக்கே பாய்..."

"உங்கள விட்டா யாரு இருக்கா அண்ணாச்சி?"

இப்படிக் கேட்டால் எந்த அண்ணாச்சிதான் மறுப்பார்? அன்று முதல் கறுப்புக் கண்ணாடியோடு தெருமுனையில் காவல் தொடங்கியது. ரஹ்மத்துல்லா இஸ்திரி போட்ட சட்டையும் தொப்பியுமாக வீட்டிலேயே காத்திருந்தார். ஆபிதா தினமும் சர்பத் கலக்கி வைத்தாள். தினமும் அதை அவர்களே குடித்தார்கள்.

அண்ணாச்சி முதலில் திருப்பி அனுப்பியது முகம்மதலி ரோட்டிலிருந்து பை வாங்க வந்த வியாபாரியை. அடுத்தது ஒரு இன்ஷூரன்ஸ்காரரை. சனிக்கிழமை வெள்ளைச் சட்டையும் பைஜாமாவுமாகத் தொப்பை பெருத்த ஒருவர் வந்து ரஹ்மத்துல்லாவைக் கேட்டார். அண்ணாச்சி அவரை மேலும் கீழும் பார்த்து, மின்சார ஆபீஸ் ஆள்தான் வேஷம் மாறி வந்திருக்கிறான் என்று முடிவு கட்டினார்.

"பாய் ராத்திரியோட ராத்திரியா ஹைதராபாத் ஓடிட்டாரு. எப்ப வருவாரோ தெரியாது. தேடாதேயும்."

அந்தச் சமயம் ரஹ்மத்துல்லா நாலு வீடு தள்ளி, நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"முதல்லே காலமானீர்," என்றார் வானமாமலை, திங்கட்கிழமை. "இப்போ தலைமறைவாம். செத்தவர் எப்படித் தலைமறைவாவார்னு போலீஸுக்கே குழப்பம். காக்கியைப் பார்த்தா அந்தத் தெரு வாயைத் திறக்க மாட்டேங்கறதேன்னு பாவம், ஹவல்தார் சாதா டிரஸ்லே வந்திருக்கார். அதுக்கும் இப்படி! இன்னொரு தடவை இந்த மாதிரி ஆச்சுன்னா ஃபைலை மூடிடுவா ஓய். மருமாள் கல்யாணத்தை நீர் போட்டோவிலேதான் பார்க்கணும்."

காசிராஜனிடம் கேட்டதற்கு, "என் காலத்துல யூனிஃபாரத்துல வந்தாங்க பாய், இப்ப கவுர்மென்டே கெட்டுப் போச்சு," என்றார்.

ரஹ்மத்துல்லா இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கே போனார். அந்தத் தெருவிலிருந்து தானாக ஸ்டேஷன் படியேறிய முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். ஹவல்தார் தாவ்டே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வடாபாவ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சாப், நான் ரஹ்மத்துல்லா."

"கௌன்?"

"செத்துப் போனவன் சாப்."

தாவ்டே வடாபாவைக் கீழே வைத்தார். தாராவித் தமிழர்களோடு மாரடித்து மாரடித்து அவருக்கு ஒருமாதிரி தமிழ் வந்திருந்தது. "அரே பாபா, நீ வந்து சொன்னா ஆகாது. உன் வீட்டுல, உன் கல்லியில, உன் தெருவுல, ரெண்டு பக்கத்து ஆள் சொல்லணும். சைன் பண்ணணும். அதான் காய்தா, சட்டம். வெள்ளிக்கிழமை சாய்ங்காலம் வர்றேன். யூனிஃபாரம்லதான் வருவேன். இது லாஸ்ட்."

வியாழக்கிழமை தெருவே கூடியது. ரஹ்மத்துல்லா ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்றார்.

"நாளைக்குக் காக்கிச் சட்டைதான் வரும். ஆனா யாரும் பயப்படாதிய. உண்மையச் சொன்னாப் போதும்."

"உண்மையா?" என்றாள் பேராச்சி. "போலீஸ்காரன்கிட்டயா?"

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. எதற்கும் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று செல்லப்பாண்டி ஒரு காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "ரஹ்மத்துல்லா கௌன் ஹை?" என்று அதட்டினான்.

"அப்படி யாரும் இங்க இல்லயே!" என்றாள் பேராச்சி, கண்ணிமைக்காமல். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "பாய், தன்னால வருது பாய்!"

ஐந்தாவது ஒத்திகையில்தான் சரியாக வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் காசிராஜன் கடையைப் பாதி சாத்திவிட்டு, சரக்கு எடுக்கப் பக்கத்து ஊரான கல்யாணுக்குக் கிளம்பினார். ஹவல்தாரைத் துரத்தியடித்த வெட்கத்தில்தான் மனிதர் ஓடப் பார்க்கிறார் என்று ரஹ்மத்துல்லாவுக்குப் புரிந்தது. ஓடிப்போய்ப் பையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க இல்லாம ஒரு சபையா அண்ணாச்சி? மொதச் சாட்சிக் கையெழுத்தே நீங்கதான் போடணும்."

"வேற யாரையாச்சும்..."

"வேற யாரு? இங்க கடலத் தாண்டுனவரு நீங்க ஒருத்தர்தான்."

காசிராஜன் பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

சாயங்காலம் தாவ்டே தெருமுனையில் வந்து நின்றபோது, வழி தவறிக் கல்யாண வீட்டுக்குள் வந்துவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் திகைத்தார். தெருவில் ஜமக்காளம் விரித்திருந்தது. நாற்காலி, சமோசா, சர்பத், டீ, தட்டில் ரோஜா மாலை. பெருநாள் சட்டையும் தீபாவளிச் சேலையுமாக மொத்தத் தெருவும் வரிசையாக நின்றது. கிழிந்த சாக்குத் தொங்கும் வாசல்களில்கூட அன்று கோலம் போட்டிருந்தார்கள்.

தாவ்டே நடுவில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். "ரஹ்மத்துல்லா கௌன் ஹை?"

ஒரு சத்தம் இல்லை.

ஐந்து ஒத்திகையும் காற்றில் போய்விட்டன. பழகிய நாக்குகள் எல்லாம் உள்ளே சுருண்டுகொண்டன. பேராச்சி உதட்டை இறுக மூடி, பொய் வெளியே வந்துவிடாமல் சிரமப்பட்டுக்கொண்டிருந்தாள். செல்லப்பாண்டியின் கண்ணில் நீர் கட்டத் தொடங்கியதைப் பார்த்து ரஹ்மத்துல்லா தலையில் கை வைத்துக்கொண்டார். போச்சு, மூன்றாவது தடவையும் போச்சு!

அப்போது ஆபிதா முன்னால் வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, போலீஸ்காரர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"இந்தா நிக்காகள்ல, இவுகதான். என் வீட்டுக்காரவுக. நல்லா உசுரோட இருக்காக. பினாங்குக்கு ஏரோப்ளேன்ல போகப் போறாக. எழுதிக்கிடுங்க சாப்!"

அதுதான் தாமதம், தெரு மடை திறந்துகொண்டது. "ஆமா சாப், இவருதான்!" "நல்ல மனுசன் சாப்!" "சாகவே இல்ல சாப், அன்னைக்கு நான் பொய் சொன்னேன்!" என்று செல்லப்பாண்டி இரண்டு கையாலும் கும்பிட்டான். பேராச்சி யாரும் கேட்பதற்கு முன்பே கட்டைவிரலில் மையைத் தடவிக்கொண்டு வந்து ரேகை வைத்தாள். கூட்டத்தின் கடைசியில் நின்ற காசிராஜனை நாலு பேர் தோளைப் பிடித்து முன்னே தள்ளிவந்தார்கள். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே கையெழுத்துப் போட்டார்.

தாவ்டே ஃபைலை மூடி, "ஹோ கயா. பாஸ்போர்ட் வந்துடும்," என்றதும் கைத்தட்டல் தகரக் கூரைகளில் மோதி எதிரொலித்தது. ரஹ்மத்துல்லா தெருவை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். தன் பெயரைச் சொல்ல இத்தனை பேர் இத்தனை கால வழக்கத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்! இந்த மகிழ்ச்சியில் எந்த மனிதனோடு என்ன போட்டி வேண்டியிருக்கிறது?

அவருக்கென்று வாங்கி வைத்த ரோஜா மாலையைச் செல்லப்பாண்டி கொண்டுவந்தான். ரஹ்மத்துல்லா அதைக் கையில் வாங்கி, நேராகக் காசிராஜனிடம் போனார்.

"வேண்டாம் பாய், வேண்டாம்," என்று அண்ணாச்சி பின்வாங்கினார்.

"சும்மா இருங்க அண்ணாச்சி." மாலையை அவர் கழுத்தில் போட்டுவிட்டு, ரஹ்மத்துல்லா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "ஆறு வருசமா இவர்கிட்ட எனக்குப் பொறாம இருந்துது. இப்பச் சொல்லுதேன், நம்ம தெருவுல மொத மொதல்ல கடலத் தாண்டுன ஆளு அண்ணாச்சிதான். இந்த மால அவருக்குத்தான் சேரும். எனக்கு ரெண்டாவது எடமே பெரும!"

மறுபடியும் கைத்தட்டல் எழுந்தது. நாற்காலியில் உட்கார்ந்து சமோசாவைப் பிட்டுக்கொண்டிருந்த தாவ்டே, கூட்டத்தின் கொண்டாட்டத்தைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

"பராபர், கொண்டாடணும்! பதினெட்டு வருஷமா இந்த ஏரியா பாஸ்போர்ட் விசாரணை எல்லாம் என் ஒருத்தன் கையிலதான். இந்தக் கல்லியில இருந்து ஒரு ஆள் பாஸ்போர்ட் கேட்டது இதுதான் ஃபர்ஸ்ட் டைம்!"